வீரபாண்டிப் பழைய லேபும் பூபாலனின் நிச்சயதார்த்தமும்

திருப்பூர் வேலம்பாளையத்தில் பொங்கியண்ணனின் பனியன் கம்பெனியில் பூபாலனுக்கு நெட்வொர்க் இன்ஜினியர் என்று பெயர். அந்தப் பெயர் அவன் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும்தான் இருந்தது. ஆட்கள் அவனை 'நெட்டுக்காரத் தம்பி' என்றார்கள். எதன் பின்னாலாவது ஒயர் தொங்கினால் அது அவன் தலையில் விழும். பிரிண்டர், கேமரா, விரல் ரேகை வைக்கும் பெட்டி, முதலாளி வீட்டு டிவி, ஒருமுறை கேன்டீன் கிரைண்டர்கூட. "இது என் வேலை இல்லீங்க" என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பான். சொல்லிவிட்டுத் தனியாகப் போய் நின்று தலையைச் சொறிவான்.

நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல பையனுக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாமல் இருப்பது இந்தக் காலத்தில் ஒன்றும் அதிசயமில்லை. ஊருக்குப் பத்துப் பேர் அப்படி இருக்கிறார்கள். ஆனால் பூபாலன் கதை கொஞ்சம் வேறு. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, ஏதோ காரணத்தால் தேதி தள்ளிக்கொண்டே போகிறது என்று அவன் வேலை பார்த்த வேலம்பாளையம், வீரபாண்டி இரண்டு கம்பெனி ஆட்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி நம்புகிறார்கள் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

நிச்சயம் நடந்தது உண்மை. இரண்டரை வருஷத்துக்கு முன்னால், காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் ஒன்றில் கணக்குப் பார்க்கும் அன்புசெல்வியோடு. பூபாலனின் அம்மா சாமியாத்தாள் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள், அப்பா நல்லான் போன பிறகு ஒற்றை ஆளாக மகனைப் படிக்க வைத்தவள். அவளுக்குக் கால் தரையில் படவில்லை. "ஒருத்தரு உடாம குடுக்கோணும் கண்ணு" என்று லட்டு டப்பாக்களை வண்டியில் கட்டி அனுப்பினாள். பூபாலன் வேலம்பாளையத்திலும் கொடுத்தான், வீரபாண்டியிலும் கொடுத்தான். வாட்ச்மேன்வரை வாயில் லட்டு.

சில மாதம் கழித்து அன்புசெல்வியின் அப்பா போன் செய்தார். "இது வேண்டாமுங்க தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். பூபாலன் என்ன சொன்னான்? "சரிங்க" என்றான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. நிச்சயத்துக்கு லட்டு கொடுத்த வாயால் நின்றுபோனதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. சம்பளப் பிரிவில் இருக்கும் பிரிசில்லா அக்காவிடம் மட்டும், ஏதோ பேச்சு வந்தபோது, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அது நின்னு போச்சுங்கக்கா. யாருகிட்டயும் சொல்லாதீங்க." ஊர்ச் சேதி எல்லாம் வாயில் வைத்திருக்கும் பிரிசில்லா, அந்த ஒரு சேதியை மட்டும் சத்தியம் காத்த மாதிரிக் காத்தாள். அதுதான் வினையாகிவிட்டது.

இனி கம்பெனிகள் இரண்டானதைச் சொல்ல வேண்டும். பொங்கியண்ணனின் மகன் நித்தீஷுக்கு வீரபாண்டியில் சாயப்பட்டறை வைத்திருக்கும் வீட்டில் பெண் எடுத்தார்கள். கல்யாணத்தோடு தொழிலும் ஒன்றானது. துணிக்கு வீரபாண்டியில் சாயம் ஏறும், வேலம்பாளையத்தில் தைத்து முடியும். ஆகவே இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றார்கள். பூபாலன் சரிங்க என்றான். ஒரு லைன் போதும் என்றும், ரொம்ப யோசித்து, மெதுவாகச் சொன்னான்.

"அதெப்படி?" என்றார் பொங்கியண்ணன். "சம்பந்தி ஊட்டுல லைன் போடறாங்க. நாம கையக் கட்டீட்டு நின்னா, நாளைக்கு அவிங்க லைன்லதான் பொழைக்கறோம்னு பேராயிரும். நாமளும் ஒண்ணு போடுப்பா."

வீரபாண்டிக்காரரும் அதையே சொன்னார். பெண் கொடுத்த இடம், குறைந்துபோக முடியுமா? சீர் செய்வதில் ஒரு வீடு ஒன்று செய்தால் இன்னொரு வீடும் செய்தாக வேண்டும் என்கிற கணக்கு ஒயருக்கும் வந்துவிட்டது. இரண்டு லைன், இரு முனையிலும் ஒவ்வொரு சந்திப்பு ரவுட்டர். பூபாலனுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கும் அல்லவா?

ரவுட்டர் என்பது முச்சந்தியில் நின்று வழி சொல்கிற ஆள் மாதிரி. எந்தக் கட்டடத்துக்கு எப்படிப் போவது என்று ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்கிற முறை பல உண்டு. வேலம்பாளையத்தில் ஓஎஸ்பிஎஃப் என்ற முறை. வீரபாண்டியில் எவரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன பழைய ரிப் என்ற முறை. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. அதனால் இரண்டும் தெரிந்த சந்திப்பு ரவுட்டர் இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கத்து முறையில் மறுபடி சொல்லும், அந்தப் பக்கம் கேட்டதை இந்தப் பக்கம் சொல்லும். ரீடிஸ்ட்ரிபியூஷன் என்பார்கள். ஒரே சேதி இரண்டு முறையிலும் வந்தால்? அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ரிப் சொன்னதைவிட ஓஎஸ்பிஎஃப் சொன்னதற்கு நம்பிக்கை அதிகம். அவ்வளவுதான் விஷயம். ஒரு பொட்டுக் கோளாறு இல்லாமல் எல்லாம் ஓடியது.

ஓடியதற்குக் காரணம், சேர்ப்பது மட்டுமே நடந்துகொண்டிருந்தது. புதுக் கட்டடம், புது மெஷின், புது கேமரா. எதையும் யாரும் எடுக்கவில்லை.

போன மாதம் வீரபாண்டியில் கலர் லேபை இடம் மாற்றினார்கள். துணியின் நிறம் சரியா என்று பார்க்கிற அறை அது. பழைய கட்டடத்தைப் பூட்டினார்கள், புதுக் கட்டடத்தில் புது முகவரியோடு எல்லாவற்றையும் பூபாலனே மாட்டிக் கொடுத்தான். அன்றிலிருந்து பிடித்தது சனி. வேலம்பாளையத்தில் காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் லைன் திணறும். நிறத்துக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பும் படம் போய்ச் சேராது. ஒப்புதல் வராமல் துணியை வெட்ட முடியாது. கட்டிங் மாஸ்டர் கத்தரியோடு நிற்பார், தைப்பவர்கள் கன்னத்தில் கை வைத்திருப்பார்கள், மேனேஜர் வந்து பூபாலன் மேசைக்கு எதிரே நின்று அவனையே பார்ப்பார்.

பூபாலன் பார்த்தான். மாற்ற முடியாத பழைய ஸ்கேனர்கள் சில இன்னமும் பழைய லேபின் முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தன. அது பரவாயில்லை. 'அப்படி ஓர் இடமே இல்லை' என்று ரவுட்டர் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலம்பாளையத்துச் சந்திப்பு ரவுட்டரைக் கேட்டால், பழைய லேப் நன்றாக இருக்கிறது, வீரபாண்டிச் சந்திப்பைக் கேள் என்றது. வீரபாண்டிச் சந்திப்பைக் கேட்டால், ஆமாம் இருக்கிறது, வேலம்பாளையத்தைக் கேள் என்றது. தான் தவறான ஜன்னலைத் திறந்துவிட்டோமோ என்று மூடித் திறந்தான். அதேதான். வழித்தடத்தைத் தொடர்ந்து காட்டும் கட்டளையைக் கொடுத்தால் திரையில் அந்த இரண்டு பெயர்களே மாறி மாறி இறங்கின. இவர், அவர், இவர், அவர். முடிவே இல்லை.

அவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன்.

"ஏன் சாமி, உனக்கு ஏற்கனவே நிச்சயம் ஆயிருக்குதாமா?"

பூபாலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஷயம் இது. அவிநாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைகிற சத்யப்பிரியா என்ற பெண்ணுக்கு அவனைப் பேசியிருந்தார்கள். பெண் பார்த்தாயிற்று. பூபாலன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான், அவளும் பார்த்தாள், பிறகு அவன் காபியைப் பார்த்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒரு பார்வை கூடவே வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு காலையில் எழும்போதே அவனுக்கு மனது நன்றாக இருந்தது. வருகிற ஞாயிறு இவர்கள் அங்கே போனால் அவர்கள் உறுதி சொல்வதாக இருந்தது. அதற்குள் பெண்ணின் தாய்மாமன், எல்லோரும் செய்வது போல, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் போயிருக்கிறார்.

விசாரிப்பதில் அவர் கெட்டிக்காரர். மாப்பிள்ளை வீட்டையே கேட்டால் உண்மை வருமா? வேலம்பாளையம் கம்பெனி கேட்டில் வேலை கேட்டு வந்தவர் போல நின்று பிரிசில்லாவிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். வீரபாண்டியில் பேக்கரியில் டீ குடிக்கிற சாக்கில் ஸ்டோர் சூப்பர்வைசர் தரணீதரனைப் பிடித்திருக்கிறார். இரண்டு ஊர், இரண்டு ஆள், ஒருவருக்கொருவர் சொந்தம், ஒறம்பரைகூட இல்லை. இருவரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். பூபாலனுக்கு காங்கேயத்தில் நிச்சயம் ஆகிவிட்டது, தேதி மட்டும் பாக்கி.

"மறைச்சுட்டீங்களேன்னு கேக்கறாருடா. எனக்கு மூஞ்சியே இல்ல" என்றாள் சாமியாத்தாள். பிறகு குரல் இறங்கியது. "கண்ணு, நீ அந்தப் புள்ளகிட்ட எனக்குத் தெரியாம இன்னும் பேசீட்டிருக்கறயா?"

"இல்லீம்மா!"

"அப்பறம் எப்படி ரெண்டு பேரு சொல்லுவாங்க?"

நியாயமான கேள்வி. பூபாலனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அன்புசெல்வி வீட்டில் மனசு மாறி, மறுபடி நிச்சயம் செய்து, தனக்குச் சொல்ல மறந்துவிட்டார்களோ? இப்படியெல்லாம் ஒரு மனிதன் யோசிப்பானா என்றால், பூபாலன் யோசிப்பான். போனை எடுத்து அன்புசெல்வியிடமிருந்து ஏதாவது தவறிய அழைப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்த்தான்.

நேராகப் பிரிசில்லாவிடம் போனான். "அக்கா, அது நின்னு போச்சுன்னு உங்ககிட்ட நான்தானுங்களே சொன்னேன்?"

"ஆமாந்தம்பி, சொன்னீங்க" என்றாள் பிரிசில்லா, கொஞ்சமும் தடுமாறாமல். "நானும் யாருகிட்டயும் மூச்சு உடல. ஆனா அப்பறம் சேந்துட்டீங்கல்லங்க?"

"நாங்களா? யாரு சொன்னா?"

"வீரபாண்டி தரணீதரன் சொன்னாருங்க. தை மாசம் இருக்கும்னாரு. அவரு அம்மா ஊரே காங்கேயமாச்சே, அவருக்குத் தெரியாதா? சரி, கூச்சத்துல எங்கிட்ட சொல்லல போலன்னு நெனச்சுக்கிட்டேன். செபத்துல உங்களுக்காக நன்றிகூடச் சொன்னேன் தம்பி."

பூபாலன் தன் வாயால் சொன்னதைவிட, பத்து மைல் தள்ளி இருக்கிற ஆள் அவனைப் பற்றிச் சொன்னது அவளுக்கு நம்பிக்கையாக இருந்திருக்கிறது. கோபப்படலாம் என்று பார்த்தான். தனக்காகச் செபம் செய்தவளிடம் எப்படிக் கோபப்படுவது? சரிங்கக்கா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். எப்படியும் அந்தப் பழைய லேபை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றும் இருந்தது.

வீரபாண்டியில் பழைய லேப் பூட்டிக் கிடந்தது. வாசற்படியில் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். மேசை இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, சுவரில் ஒயர் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். இதைத்தான் இரண்டு ரவுட்டர்கள் உயிரோடு இருக்கிறது என்று சத்தியம் செய்கின்றன. பூபாலன் நாயைப் பார்த்தான். நாய் அவனை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

தரணீதரன் ஸ்டோரில் சாய டிரம்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். பூபாலனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வா பூபாலு! தேதி வெச்சாச்சா?"

"அண்ணா, எனக்குக் கல்யாணம்னு உங்களுக்கு யாருங்ணா சொன்னது?"

"நீதானப்பா லட்டு குடுத்த."

"அது சரிங்ணா. அப்பறம்? இப்பவும் இருக்குதுன்னு யாரு சொன்னது?"

தரணீதரன் நெற்றியைத் தேய்த்தார். "பிரிசில்லா மேடம்தான். ஒருநாள் போன்ல சம்பளக் கணக்குப் பேசறப்ப, பூபாலு கல்யாணம் எப்பங்கன்னு கேட்டேன். அதெல்லாம் நல்லபடியா நடக்குமுங்கன்னு சொன்னாங்க. நின்னு போயிருந்தா உங்க கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாதா? நானும் இங்க நாலு பேருகிட்ட தை மாசம் வாக்குல இருக்கும்னு சொல்லி வெச்சேன்."

"காங்கேயத்துல உங்க ஒறம்பரைக யாரும் சொல்லலீங்களா?"

"காங்கேயத்துக்கு நான் போயி எந்தக் காலமாச்சு" என்றார் தரணீதரன்.

பூபாலன் ஒரு சாய டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டான். பிரிசில்லாவைக் கேட்டால் தரணீதரன். தரணீதரனைக் கேட்டால் பிரிசில்லா. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவன் கேட்டுக்கொண்டதற்காக அவள் மழுப்பினாள். அந்த மழுப்பலை இவர் உறுதி என்று எடுத்துக்கொண்டார். அந்த உறுதி அவளிடமே திரும்பிப் போய், அவன் நேரில் சொன்னதை அழித்துவிட்டது. நிச்சயம் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு அதற்குச் சோறு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். இவர், அவர், இவர், அவர்.

"என்னாச்சு பூபாலு, தண்ணி வேணுமா?"

"அண்ணா, சர்வர் ரூம் சாவி எங்கீங்?" என்றான் பூபாலன்.

ரவுட்டர்களிலும் இதேதான் நடந்திருந்தது. பழைய லேப் இருக்கிறது என்று வீரபாண்டி ரிப் சொன்னதை வேலம்பாளையத்துச் சந்திப்பு கேட்டுத் தன் பக்கம் ஓஎஸ்பிஎஃப்பில் சொன்னது. வீரபாண்டிச் சந்திப்பு, அதே ஊரில் இருந்துகொண்டே, சொந்த வீட்டுப் பேச்சை நம்பாமல் ஓஎஸ்பிஎஃப் வழியாக வந்ததை நம்பி, அதையே மறுபடி வீரபாண்டிக்குள் சொன்னது. லேபைப் பூட்டியதும் உண்மையான சேதி நின்றுவிட்டது. ஆனால் சுற்றி வந்த சேதி நிற்கவில்லை. அந்தச் சேதியை நம்பிக் கிளம்பிய ஒவ்வொன்றும் இரண்டு சந்திப்புக்கும் நடுவே சுற்றிச் சுற்றிக் களைத்து விழுந்து, லைனை அடைத்தது. சம்பந்திகளின் மரியாதைக்காக இரண்டாவது லைன் போட்டபோதே இதைத் தடுத்திருக்க வேண்டும். சரிங்க என்று போட்டவன் யோசிக்கவில்லை.

மருந்து சின்னதுதான். வீரபாண்டிச் சேதி வேலம்பாளையத்துக்குள் நுழையும்போது அதன் முதுகில் ஓர் எண்ணை முத்திரையாகக் குத்திவிட வேண்டும். அந்த முத்திரையைப் பார்த்தால், இது அங்கிருந்து வந்த சேதி, அங்கேயே திருப்பிச் சொல்லாதே என்று இரண்டு சந்திப்புக்கும் கட்டளை. அந்தப் பக்கத்துக்கும் அப்படியே ஒன்று. பூபாலன் அடித்து முடித்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் பழைய லேப் அங்கேயே நின்றது. பிறகு யாரும் தொடாமலே மறைந்தது. வேலம்பாளையத்திலிருந்து மேனேஜர் போன் செய்து, படம் போகிறது என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பாராட்டு அவர் வாயிலிருந்து வராது.

ரவுட்டருக்கு முத்திரை குத்தியாயிற்று. மனுஷருக்கு?

தரணீதரனிடம் நடந்ததைச் சொன்னான். அவர் பாவம், உடனே சத்யப்பிரியாவின் தாய்மாமனுக்குப் போன் போட்டார். "நீங்க நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. பையன் பக்கத்துல நிக்கறானா?" என்று மாமன் கேட்டார். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். பிரிசில்லா பேசிப் பார்த்தாள். அவளிடம், "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?" என்றார். பொய்யை இருவர் சொன்னபோது அது சாட்சி. உண்மையை அதே இருவர் சொன்னால் அது கூட்டுச் சதி. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று சாமியாத்தாளுக்குச் சொல்லிவிட்டார்கள். அம்மா அன்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பூபாலனுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

சேதி எங்கே பிறந்ததோ அங்கேதான் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அன்புசெல்வியின் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் தாய்மாமன் நம்புவார். இரண்டு வருஷமாக அழிக்காமலும் அழைக்காமலும் வைத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தான். எடுத்தது அன்புசெல்வி.

அவன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்களுக்கும் அப்படித்தானா?" என்றாள். குரலே வேறாக இருந்தது.

"உங்களுக்கும்னா?"

"எனக்கு மூணு எடம் வந்துதுங்க. நல்ல எடந்தான். மூணும் பழைய நிச்சயத்தப் பத்தித் திருப்பூர்ல விசாரிச்சுட்டு, பொண்ணுக்கு அங்க நிச்சயம் இன்னும் இருக்குதாமேன்னு திரும்பிப் போயிருச்சு. எங்கப்பா ஒவ்வொருத்தருகிட்டயும் போயி இல்லைன்னு சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டாரு. நான் உங்களத்தான் நெனச்சேன். வேண்டாம்னு சொன்ன கோவத்துல, என்னைய யாரும் கட்டக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லீட்டுத் திரியறீங்கன்னு."

"நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலீங்க."

"அதேதானுங்க. நீங்க யாருகிட்டயும் எதுவும் சொல்லல" என்றாள் அன்புசெல்வி. "எங்கப்பா வேண்டாம்னு சொன்னப்பவும் சரிங்கன்னு வெச்சுட்டீங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நான் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

"ஏனுங்க?" என்றான் பூபாலன், இரண்டு வருஷம் கழித்து.

"இனிமே அது எதுக்குங்க. மொதல்ல இல்லைன்னு நாலு பேருக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க. எனக்காகவாச்சும் சொல்லுங்க." வைத்துவிட்டாள்.

தனக்குத்தான் அவமானம், தான்தான் ஒளித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தான். அந்த ஒளிப்பு காங்கேயத்தில் ஒரு பெண்ணின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இப்படி ஒரு வெட்கம் அவன் வாழ்நாளில் பட்டதில்லை.

மறுநாள் டீ இடைவேளையில் வேலம்பாளையம் கம்பெனியில் எல்லோரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். பூபாலன் கையில் பெரிய டப்பா. லட்டு கொடுத்தால் மறுபடி குழப்பம் என்று யோசித்து மிக்சர் வாங்கியிருந்தான். மேசை மேசையாகப் போய் ஆளுக்கு ஒரு பிடி கொடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி சொன்னான்.

"எனக்கும் காங்கேயம் அன்புசெல்விக்கும் நிச்சயமான கல்யாணம் நின்னு போச்சுங்க. நின்னு ரெண்டு வருசம் ஆச்சு. அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. யாராச்சும் கேட்டா, பூபாலனே சொன்னான்னு என் பேரைச் சேத்துச் சொல்லுங்க."

சிலர் சிரித்தார்கள். ஒரு பீகார்ப் பையன் மிக்சரை வாங்கிக்கொண்டு, விஷயம் புரியாமல், வாழ்த்துச் சொன்னான். அவனுக்கு அரைகுறை இந்தியில் மறுபடி முதலிலிருந்து விளக்கினான். முதலாளி பொங்கியண்ணனின் அறைக்கும் போனான். அவர் மிக்சரைக் கையில் வைத்துக்கொண்டு, "கல்யாணம் நின்னதுக்குப் பலகாரம் குடுக்கறவன இப்பத்தான் பாக்கறேன்" என்றார். பிரிசில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு பிடி வாங்கிக்கொண்டாள். மதியம் வீரபாண்டி. அங்கும் அதே டப்பா, அதே பேச்சு, வாட்ச்மேன்வரை. சொல்லச் சொல்ல வெட்கம் குறையும் என்று எதிர்பார்த்தான். குறையவில்லை. ஆனால் கடைசி ஆளிடமும் சொன்னான்.

ஞாயிறு வந்து போனது. அம்மாவும் மகனும் அவிநாசிப் பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை அவன் ஒரு பிரிண்டருக்கு அடியில் படுத்து ஒயரைத் தேடிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நான் சத்யப்பிரியா பேசறனுங்க."

பூபாலன் எழுந்ததில் மேசை தலையில் இடித்தது.

"உங்க மிக்சர் கதை எங்க கம்பெனிக்கே வந்துருச்சு" என்றாள். "யாரு சொன்னதுன்னு கேட்டேன். பூபாலனே சொன்னாருன்னாங்க. இன்னொருத்தரைக் கேட்டேன், அவரும் பூபாலனே சொன்னாருன்னாரு. அப்ப நடுவுல எதுக்கு ஆளு, அவரையே கேட்டரலாம்னுதான். அது ஏனுங்க நின்னுது?"

அவனால் ஏதாவது நல்லதாக ஒன்றைச் சொல்லியிருக்க முடியும். "தெரியலீங்க" என்றான். "நான் கேக்கவே இல்லீங்க. சரிங்கன்னு சொல்லீட்டேன்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தான்.

"எங்க மாமனும் உங்கள வரவேண்டாம்னு சொல்லீட்டாரு" என்றாள் அவள். "அதுக்கும் சரிங்கதானா?"

வழக்கமான வார்த்தை பூபாலனின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினான். தலை இடித்த இடம் விண்விண் என்று தெறித்தது.

"இல்லீங்க" என்றான். "உங்களுக்கு என்னையக் கட்டிக்கச் சம்மதமுங்களா?"

"அன்னைக்கே காபியக் கீழ வெச்சுட்டு இதைக் கேட்டிருக்கலாமுங்க" என்றாள் சத்யப்பிரியா.